லிஃப்டில் ஒரு வாளிக் கடல்

பல்லுக்காரருக்கு ஐம்பது தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பவர். ஊரில் வயதானவர்களின் சிரிப்பில் பாதி அவர் மேசையிலிருந்து போனதுதான். ஆனால் அவர் சிரிப்பது அபூர்வம், பேசுவது அதைவிட அபூர்வம். இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தர வந்த பெண்மணி முதல் நாளே, "சார், கியர் இங்க இருக்கு. நீங்க பிடிச்சிருக்கறது என் கை" என்றாள். கார் ஓட்ட அவருக்கு இன்றுவரை வரவில்லை. கல்யாணம் மட்டும் ஆனது.

இரண்டு பெட்டிகளோடு அவர் டிரைவிங் டீச்சரின் நான்காம் மாடி வீட்டுக்குக் குடிவந்தார். வராதது ஒன்று உண்டு. அவருடைய பழைய வாடகை அறையில், ஜன்னலோரம் இருந்த கடல்நீர் மீன்தொட்டி.

அதை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால், குற்றம் முழுக்க அவர் மீது என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள், நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, "என்கிட்ட கொஞ்சம் மீன் இருக்கு" என்று ஆரம்பித்தார். "கொண்டு வாங்க, பொரிச்சிடலாம்" என்றாள் அவள். தமாஷாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மீன் என்ற வார்த்தையையே அவர் எடுக்கவில்லை. பழைய அறையைக் காலி செய்யாமல் வைத்துக்கொண்டு, தினமும் வேலை முடிந்ததும் "லேப்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கே போய், மீன்களுக்குச் சாப்பாடு போட்டு, ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார். மனிதர்களிடம் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசுவார்.

இதை மோப்பம் பிடித்தவர் மைத்துனர்.

டீச்சரின் அண்ணன் எதிர் வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், அவர் இல்லை. மாடிப்படியில் யாராவது சாய்ந்து நின்றால்கூட "நிமிந்து நில்லு!" என்று சத்தம் வரும். தங்கை தன்னிடம் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்ற கோபத்தில், கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவருக்குக் காபி வேணுமான்னு கேளும்மா" என்பார். தங்கை அந்தப் பக்கம் இல்லையென்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஃபேன் ஓடிட்டே இருக்கு, நிறுத்த ஆளில்ல" என்பார். பல்லுக்காரரும் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுந்து போய் நிறுத்துவார்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. முதல் நாள் மாஸ்டர் வாயைத் திறந்து, "என்னைக் கேட்டியா?" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினபோதே பல்லுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்டர் வாயிலிருந்த அந்த மேல்வரிசைப் பல், பல்லுக்காரர் செய்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடுக்கு விடும்படி டாக்டர் சொல்லியனுப்பிய ஒரே செட். பழைய பல்லில் இருந்த இடுக்கு புதிதிலும் இருந்தால்தான் ஊருக்குச் சந்தேகம் வராது என்று அந்த ஆள் கெஞ்சினாராம். அந்த டாக்டரை விட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்த ரகசியம் பல்லுக்காரருக்கு மட்டும் தெரியும். தன் கையால் இழைத்து இழைத்துச் செய்த பல்லாலேயே தன்னைக் கடிக்கிறார் மனுஷன். என்ன செய்வது? மென்று முழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஒரு சாயங்காலம் மாஸ்டர் அவரைப் பின்தொடர்ந்து போய் அறை வாசலில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். உள்ளே பல்லுக்காரர் கொஞ்சிக்கொண்டிருந்தார். "ஏன் கண்ணு, சாப்பிட மாட்டேங்கற? என்மேல கோபமா? அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. கொஞ்சம் பொறுத்துக்கோ செல்லம், எப்படியாவது உன்னை அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

மாஸ்டர் ஒரே ஓட்டமாகத் திரும்பிப் போனார். மறுநாள் அதே நேரத்துக்கு அறைக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பல்லுக்காரர் திறந்தார். வாசலில் மனைவி. அவளுக்குப் பின்னால் மைத்துனர், கையும் களவுமாகப் பிடிக்க வந்த போலீஸ்காரர் மாதிரி.

"எங்க அவ?" என்றாள்.

"எவ?"

"கண்ணு!"

மாஸ்டர் அதற்குள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். திரையை விலக்கினார். குளியலறைக் கதவைத் தள்ளினார். பல்லுக்காரர் திருதிருவென்று முழித்துவிட்டு, ஜன்னலோரத்தைக் கைகாட்டினார். கண்ணாடித் தொட்டிக்குள், நீல விளக்கின் கீழே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களை வேடிக்கை பார்த்தன. பக்கத்தில் ஒரு சங்கு தானாக நடந்துபோனது. உள்ளே குடியிருந்தது ஒரு நண்டு. பாறை இடுக்கிலிருந்து மீசையை ஆட்டியபடி ஒரு சிவப்பு இறால் எட்டிப் பார்த்தது.

"அதுதான் கண்ணு," என்றார் பல்லுக்காரர். "சின்னது செல்லம்."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சின்ன வீடுன்னு சொன்னீங்களே அண்ணா, நெஜமாவே சின்ன வீடுதான்" என்று மறுபடி சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"இதை ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"பொரிச்சிடலாம்னு சொன்னியே."

அவ்வளவு பெரிய மனிதர் அதைச் சொன்னபோது முகம் அப்படியே பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது. "என்னைக் கட்டிக்க மட்டும் தைரியம் இருந்துச்சாக்கும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வர்றோம். அண்ணா, நீங்களும் வர்றீங்க. வேவு பாத்ததுக்குத் தண்டனை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் அறையில் கூடினார்கள். வீடு மாற்றுவது ஒன்று, கடலை மாற்றுவது வேறு. பீரோவைத் தூக்குகிற மாதிரி தொட்டியைத் தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி விட்டுப்போகும். பல்லுக்காரர் முதலில் குழாயை வாயால் உறிஞ்சிக் கடல்நீரை மூடிபோட்ட வாளிகளில் இறக்கினார். பாறைகளை ஒன்றொன்றாக எடுத்து அதே தண்ணீரில் முக்கி வைத்தார். "பாறையை எதுக்கு ஊறப் போடணும்னு கேளும்மா" என்றார் மாஸ்டர். "அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் உயிரோட இருக்கு. அதுங்கதான் தண்ணியைச் சுத்தமா வச்சிருக்குது. காஞ்சா செத்துடும்" என்றார் பல்லுக்காரர், மனைவியைப் பார்த்து. அவள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பாறை எடுத்த பிறகு மீன்களைப் பிடிப்பது சுலபம், ஒளிய இடமில்லை. மீன்கள், நண்டு, இறால் எல்லாவற்றுக்கும் ஒரு வாளி. அதில் பேட்டரியில் ஓடும் சின்ன காற்று மோட்டாரின் குழாயை விட்டார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. கடைசியில் அடிமணலை அள்ளினார்கள். எத்தனையோ வருஷமாகக் கிளறாத மணல். கிளறியதும் அழுகிய முட்டை வாடை அறையைத் தூக்கியது. மாஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தங்கையை முறைத்தார். தங்கை கணவனை முறைத்தாள். கணவன் மணலை முறைத்தார்.

வண்டி, டீச்சருடைய டிரைவிங் ஸ்கூல் கார். தலைக்குமேல் பெரிய சிவப்பு 'எல்' எழுத்தோடு பலகை வைத்தது. பின்சீட்டில் ஒரு பக்கம் காலித் தொட்டி. மறுபக்கம் மடியில் மீன் வாளியோடு பல்லுக்காரர். முன்சீட்டில் காலடியில் பாறை வாளியோடு மாஸ்டர். டிக்கியில் தண்ணீரும் மணலும். எத்தனையோ பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த டீச்சர் அன்றைக்கு முட்டை மேல் நடக்கிற மாதிரி ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக வந்தார்கள். ஒருவன் மட்டும் ஜன்னலருகே வந்து, "அக்கா, பயப்படாம ஓட்டுங்க, போகப்போக வந்துடும்!" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாளி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டும் நல்லா இருக்கு. நண்டுதான் மேல ஏறப் பாக்குது."

கட்டடத்துக்கு வந்ததும் டீச்சர் காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். தொட்டியையும் மற்ற வாளிகளையும் வாட்ச்மேன் பார்வையில் வைத்துவிட்டு, "மீனை முதல்ல மேல கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பல்லுக்காரர் லிஃப்டில் ஏறினார். மாஸ்டரும் ஏறினார், வெயிலில் நிற்க முடியாது, படியேற வயது விடாது. கதவு மூடியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். இரண்டாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பல்லுக்காரர் தடுமாறினார். வாளி விளிம்பில் மாட்டியிருந்த காற்று மோட்டார் 'ப்ளக்' என்று தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்து உதறினார், தட்டினார், ஊதினார். அது மூச்சை விட்டுவிட்டிருந்தது.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தங்கை இல்லை. கடிகாரம் இல்லை. வேறு வழியில்லாமல் வாளியைப் பார்த்துக் குனிந்தார்.

"மீனே, மணி பட்டனை அமுக்கச் சொல்லு."

"அமுக்கிட்டேன் சார். அடிக்கல."

"நான் மீன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"சரி சார்."

வெளியே எங்கோ டீச்சரின் குரல் கேட்டது. "லிஃப்ட்காரனுக்குப் போன் போட்டாச்சு! வந்துட்டு இருக்கான்! பயப்படாதீங்க!" வந்துகொண்டிருக்கிறான் என்றால் எப்போது வருவான் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பல்லுக்காரர் வாளியைத் தரையில் இறக்கிவைத்து உட்கார்ந்தார். "தண்ணியில காத்து கலக்கணும். இல்லன்னா மூச்சு முட்டிடும். ஏதாவது மோந்து மோந்து ஊத்திட்டே இருந்தாப் போதும், ஆனா எங்கிட்ட ஒண்ணுமில்லையே" என்று தனக்குத்தானே புலம்பினார். உள்ளங்கையால் அள்ளி ஊற்றிப் பார்த்தார். விரலிடுக்கில் ஒழுகிப் போனது.

மாஸ்டர் எப்போதும் தோளில் ஒரு ஃபிளாஸ்க் மாட்டியிருப்பார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி, கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, யாரையும் பார்க்காமல் நீட்டினார்.

பல்லுக்காரர் மோந்து உயரத்திலிருந்து ஊற்றினார். சளசளவென்று குமிழி கிளம்பியது. மோந்தார், ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது. மாஸ்டர் மூடியை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார். இப்படி மாறி மாறி ஊற்றினார்கள். கை வேலையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது என்பார்களே, அந்த மாதிரி ஆயிற்று.

"மீனே," என்றார் மாஸ்டர் ஊற்றிக்கொண்டே. "கூடப்பொறந்த அண்ணன் எதிர்வீட்டுலயே குத்துக்கல்லாட்டம் இருக்கான். கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை கூப்பிடணும்னு தோணலையான்னு கேளு."

பல்லுக்காரர் வாளியைப் பார்த்தார். "மீனே, ரெண்டு தடவை கூப்பிட வந்தோம்னு சொல்லு. முதல் தடவை ஒரு பையனைத் தோப்புக்கரணம் போட வச்சிட்டிருந்தாரு. ரெண்டாவது தடவை அந்தப் பையனோட அப்பாவை. பயத்துல திரும்பிட்டோம்."

மாஸ்டர் கை நின்றது. "அந்தாளு படியில எச்சில் துப்பினான்."

"அது சரிதான். ஆனா பாத்த எனக்கே காதைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். அது சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். "நான் எனக்குன்னு ஒரு புதுச் சட்டை தச்சு வச்சிருந்தேன். எப்பவாவது அவ கல்யாணம்னு வந்தா போட்டுக்கணும்னு. அது பெட்டியிலயே கெடக்கு." இதை அவர் மீனிடம் சொன்னாரா, யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பல்லுக்காரர் மூடியை வாங்கிக்கொண்டு வேகமாக ஊற்றினார்.

"என்ன இது, தாளமே இல்லாம? மெதுவா, ஒரே சீரா ஊத்தணும்!" மாஸ்டருக்குள் இருந்த பள்ளிக்கூடம் விழித்துக்கொண்டது. நிமிர்ந்து உட்கார்ந்து வாளிக்கு நேராக முகத்தை நீட்டி, மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரலில் ஆரம்பித்தார். "மோந்து... ஊத்து! மோந்து... ஊத்து! மோந்து..."

மூன்றாவது "ஊத்து"வோடு சேர்ந்து மேல்வரிசைப் பல்லும் கிளம்பியது. காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து நேராக வாளிக்குள் போய் விழுந்தது.

மாஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எத்தனையோ பையன்களை நடுங்கவைத்த அந்தக் கண்கள் இப்போது தண்ணீர் தளும்பி நின்றன.

பல்லுக்காரருக்கோ, சொன்னால் அடிக்க வருவார்கள், முதல் கவலை மீனைப் பற்றித்தான். "பல்லுக்கு ஏதாவது பவுடர் போட்டீங்களா சார்?" என்று பதறினார். மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். "வெறும் தண்ணிதானா?" ஆமாம் என்று தலையாட்டினார். பல்லுக்காரருக்கு மூச்சு வந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

அடியில் பல் செட் பிளந்த வாயோடு கிடந்தது. மீன்கள் இரண்டும் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் இறாலுக்குப் பயமே இல்லை. பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து பல்லைச் சுத்தம் செய்வதுதான் அந்த ஜாதி இறாலுக்குப் பிழைப்பு. மீசையை ஆட்டிக்கொண்டே வந்து செட்டின் மேல் ஏறி, முன்பல் இடுக்கில் குச்சிக் கைகளை விட்டுக் குடைய ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் பல்லுக்காரர் மெல்ல. "இப்ப எடுத்தா மிரண்டுடும். அது வேலை செஞ்சிட்டு இருக்கு. நம்ம தொழில்தான் அதுக்கும்."

மாஸ்டர் பொத்திய கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். இறால் கடைவாய்ப் பக்கம் போனது. அங்கே ஏதோ நல்ல தீனி கிடைத்திருக்க வேண்டும், ரொம்ப நேரம் நின்றது. மாஸ்டரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பல்லுக்காரர் பயந்துவிட்டார். கை விலகியதும்தான் தெரிந்தது, மனிதர் பொக்கைவாயோடு சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பல்லுக்காரருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் வாளியின் இருபுறமும் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, பல்லுக்காரரின் கை மட்டும் பழக்கத்தில் மோந்து ஊற்றிக்கொண்டே இருந்தது.

"உனக்கு எஃப்போ தெரியும்?" என்று கேட்டார் மாஸ்டர், சிரித்து ஓய்ந்த பிறகு. காற்று பாதியும் எழுத்து பாதியுமாக வந்தது.

"மொத நாளே. அது நான் செஞ்சது."

"அவகித்த சொன்னியா?"

"ஒருத்தர் வாய் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமா மச்சான்?"

மச்சான் என்ற வார்த்தை எப்படி வந்தது என்று பல்லுக்காரருக்கே தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஸ்டர் கோபப்படவில்லை. வாளியைக் காட்டி, "மாஃப்பிள்ளை, அது போயித்துச்சு. பல்லை எது" என்றார்.

இறால் போய்விட்டிருந்தது. பல்லுக்காரர் செட்டை எடுத்து உதறிய அதே நொடியில் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பி நான்காம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. வெளியே டீச்சர், லிஃப்ட்காரன், பாதிக் கட்டடத்துச் சனம். கண்ணிமைக்கும் நேரத்தில் செட் பல்லுக்காரரின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"என்ன அண்ணா, அழுதீங்களா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று பதறினாள் தங்கை.

மாஸ்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பல்லுக்காரரைப் பார்த்தார். வாழ்க்கையில் 'லேப்ல வேலை' என்பதைத் தவிர யாரிடமும் ஒரு பொய் சொல்லத் தெரியாத பல்லுக்காரர் அன்றைக்கு மளமளவென்று சொன்னார். "கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. கொஞ்ச நேரம் பேசக்கூடாது. முதல்ல உப்புத்தண்ணியில வாய் கொப்பளிக்கணும். வாங்க மச்சான்." ஒரு கையில் வாளி, மறுகையில் மைத்துனர் என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கழுவி மாட்டிவிட்டு, "லூசாயிருக்கு. நாளைக்கு லேபுக்கு வாங்க, யாரும் இல்லாத நேரமாப் பாத்து இறுக்கித் தர்றேன்" என்றார். மாஸ்டர் அவர் தோளை ஒருமுறை அழுத்தினார்.

அன்று மாலைக்குள் தொட்டி கூடத்துச் சுவரோரம் ஏறி உட்கார்ந்தது. மணல், பாறை, பழைய கடல்நீர், பற்றாததற்கு உப்புக் கரைத்து அளவு பார்த்த புதுத் தண்ணீர். எல்லாம் பாலாகக் கலங்கிக் கிடந்தது. மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் பழக்கி உள்ளே விட்டார்கள். கலங்கலில் அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. மறுநாளும் தெளியவில்லை. பல்லுக்காரர் சாப்பாட்டில் கை வைக்காமல் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் தட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் சங்கு நடந்தது. பிறகு மீசை தெரிந்தது. கடைசியில் பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆரஞ்சு மூக்குகள் எட்டிப் பார்த்து, கண்ணாடியருகே வந்து, சாப்பாடு எங்கே என்று வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாருங்க, என்னையே பாக்குது. இவதானே பொரிக்கறேன்னு சொன்னவன்னு" என்றாள் டீச்சர். பல்லுக்காரர் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டுக்கு அது புதுச் சத்தம்.

அதற்குப் பிறகு மாஸ்டர் காலைக் காபியைத் தொட்டிக்கு முன்னால்தான் குடிக்கிறார். கட்டடத்தில் யார் வேடிக்கை பார்க்க வந்தாலும் விளக்கம் சொல்லுகிற வேலையையும் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் கீழ்வீட்டுத் தம்பதியைக் கூட்டிவந்து, "பெருசா கம்பீரமா இருக்கே, அது ஆம்பள. பின்னாடியே பயந்துட்டுப் போகுதே, அது பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லுக்காரரால் பொறுக்க முடியவில்லை. "இல்ல மச்சான். இந்த மீன்ல பெருசுதான் பொம்பள. சின்னது ஆம்பள."

"யார் சொன்னா?"

"எல்லா மீன்காரனும் சொல்வான்."

"நடையைப் பாருய்யா! நெஞ்சை நிமித்திட்டுப் போகுது. முப்பது வருஷம் டிரில் எடுத்தவன்கிட்ட நீ சொல்றியா?"

"மீனுக்கு ஏது மச்சான் நெஞ்சு?"

பேச்சு வளர்ந்தது. கீழ்வீட்டுத் தம்பதி நைசாக நழுவிப் போய்விட்டார்கள். இரண்டு பேரும் கண்ணாடியில் விரலை வைத்து வைத்துக் காட்டிக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சாவியை எடுக்க வந்த டீச்சர் வாசலில் நின்று பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தப்போ வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. பெரிய மீனும் சின்ன மீனும் கண்ணாடியோரம் நின்று இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.